ஈகையன்று, கடன்!

பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர் சங்க விருந்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். கத்தோலிக்கத் துறவியர் தொடங்கிய பழம்பள்ளி அது. அங்குப் படித்து, வணிகத்தில் ஓங்கி, பட்டமும் பதவியும் பெற்ற பெருமகனார் ஒருவர் அன்று பெருந்தொகை ஒன்றை நன்கொடையாக அறிவித்தார். ஆளுயரக் காசோலை மேடைக்கு வந்தது. மாலை விழுந்தது, பொன்னாடை போர்த்தப்பட்டது, நிழற்படக் கருவிகள் மின்னின. பேச வந்தோர் எல்லாரும் அவரைப் பள்ளியை வாழவைத்த வள்ளல் என்றே புகழ்ந்தனர். கடைசி வரிசை மேசையில், அப்பெருமகனாருக்கு எழுத்தறிவித்த முதிய ஆசிரியை ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. முந்நூறு பேர் கை தட்டினோம். பின் முந்நூறு பேரும் வீடு திரும்பினோம். கடமை முடிந்தது என்ற நிறைவு எல்லார் முகத்திலும் தெரிந்தது. என் முகத்திலும் அது இருந்திருக்கும்.

அந்த நிறைவை மறுப்பதற்கே இக்கட்டுரையை எழுதுகிறேன். கொடுத்தவரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. வாங்கிய பள்ளியையும் நான் பழிக்கவில்லை. கை தட்டிக் கலைந்த முந்நூறு பேரோடுதான் எனக்கு வழக்கு. செல்வர் ஒருவர் வந்தார், கொடுத்தார், பள்ளி பிழைத்தது என்னும் கதையை மேடைதோறும் சொல்லி வருகிறோம்; மாணவர்க்கும் அதனையே கற்பிக்கிறோம். அக்கதை நம்மை ஏமாற்றுகிறது. ஒருவரின் பெருங்கொடை ஒரு கூரையை வேயும். ஒரு கட்டடத்தை எழுப்பும். பள்ளியின் உயிரோ பலர் இடைவிடாது செலுத்தும் கடனில் இருக்கிறது. கடன் செலுத்த வேண்டியவர்கள் கை தட்டிக்கொண்டிருந்தால், வள்ளல் எத்துணைப் பெரியவராயினும் பள்ளி மூடப்படும்.

இதனை நிறுவுவதற்கு, விளம்பரம் நாடிக் கொடுக்கும் ஒருவரை எடுத்துக்கொண்டால் வழக்கு எளிதாக முடியும். ஆனால் அது நேர்மையாகாது. ஆகவே, நம் காலத்துக் கொடையாளருள் மிக உயர்ந்து நின்ற ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். அவர் அமெரிக்க வணிகர் சக் ஃபீனி.

ஃபீனி 1931-இல் நியூ ஜெர்சி மாநிலத்து எலிசபெத் நகரில், அயர்லாந்து வழிவந்த எளிய குடும்பத்தில் பிறந்தார். பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டிய காலம் அது. தாயார் தாதி, தந்தையார் காப்புறுதித் துறை ஊழியர். சிறுவனாக இருந்தபோதே வீடு வீடாகச் சென்று கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை விற்றவர் ஃபீனி. அவ்வூரில் இருந்த தூய மரியன்னை விண்ணேற்பு உயர்நிலைப்பள்ளி என்னும் கத்தோலிக்கப் பள்ளியில் பயின்று 1949-இல் தேறினார். பிறகு விமானப் படையில் பணியாற்றினார். படைவீரர்க்கு அரசு அளித்த கல்வி உதவியைக் கொண்டு கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹோட்டல் நிர்வாகம் பயின்றார். 1960-இல் நண்பர் ராபர்ட் மில்லருடன் இணைந்து டி.எஃப்.எஸ். என்னும் வரியில்லாக் கடை நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் நமக்கும் புதிதன்று. சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்தில் 2020 வரை மதுவும் புகையிலையும் விற்ற கடைகள் அதனுடையவையே.

வணிகம் பெருகியது, செல்வம் மலைபோல் குவிந்தது. அதனை அவர் என்ன செய்தார் என்பதே வியப்பு. 1982-இல் அட்லாண்டிக் என்னும் பெயரில் அறநிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1984-இல், தம் வணிகத்தில் தமக்கிருந்த 38.75 விழுக்காட்டுப் பங்கு முழுவதையும் அதற்கு ஓசையின்றி மாற்றி எழுதினார். 1988-இல் ஃபோர்ப்ஸ் இதழ் அவரைப் பெருஞ்செல்வர் வரிசையில் வைத்துப் போற்றியபோது, அச்செல்வம் அவர் கையில் இல்லை. 1997-இல்தான் உலகம் உண்மையை அறிந்தது. வாழும்போதே கொடுத்துத் தீர்ப்பது என்பது அவர் கொள்கை. ஏறத்தாழ 800 கோடி டாலர் அவ்வாறு கொடுக்கப்பட்டது. 2020-இல் அறநிறுவனமும் பணி முடித்துக் கலைந்தது. தம் பணத்தால் எழுந்த கட்டடங்களில் தம் பெயர் பொறிக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. மலிவான கைக்கடிகாரம், சிக்கன வகுப்பு விமானப் பயணம், சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு வாடகை வீடு ஆகியவற்றோடு வாழ்ந்து, 2023-இல் தம் 92-ஆம் வயதில் மறைந்தார்.

இத்தகையவர் தாம் பயின்ற பள்ளியை மறக்கவில்லை. தம் உள்ளத்தில் கொடையுணர்வு முளைத்தது அப்பள்ளியில்தான் என்று அவர் கூறியதுண்டு. 2016-இல் அதற்கு 250,000 டாலர் வழங்கினார். அப்பள்ளியின் வரலாற்றில் ஒரே நேரத்தில் ஒருவர் கொடுத்த மிகப் பெரிய தொகை அதுவே.

நம் மேடைப் பேச்சாளர்கள் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். ஏழைச் சிறுவன் படித்தான், உயர்ந்தான், மறவாமல் திரும்பி வந்தான், கொடுத்தான் என்று சொல்லி, மாணவர்களே, நீங்களும் அவ்வாறே ஆகுங்கள் என்று வாழ்த்தி அமர்வார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 2019-இல், அப்பள்ளி மூடப்பட்டது. மாணவர் தொகை குறைந்துபோயிற்று, பணமும் பற்றவில்லை. 800 கோடி டாலர் கொடுத்த உலக வள்ளலை ஈன்ற பள்ளிக்கு நேர்ந்த முடிவு இது.

குற்றம் யாருடையது? ஃபீனியுடையதா? இல்லை. கொடுத்தவனை நோக்கி ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று கேட்பது நன்றி கொன்ற செயல். கணக்கைப் பாருங்கள். அமெரிக்க அரசுப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் சராசரி ஆண்டுச் சம்பளம் அக்காலத்தில் ஏறத்தாழ 58,000 டாலர். அந்த அளவில் பார்த்தால், 250,000 டாலர் நான்கு ஆசிரியர்களுக்கு ஓராண்டுச் சம்பளம். அவ்வளவே. மேடையில் அத்தொகை மலையாகத் தெரியும். பள்ளியின் வரவு செலவுக் கணக்கில் அது ஒரு பருவமழை. மழை பெய்யலாம். ஆனால் ஆண்டு முழுதும் நீர் வேண்டுமாயின் ஊற்று சுரக்க வேண்டும்.

அப்பள்ளிகளின் ஊற்று எது? இதனை அறிய அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும். 1884-இல் பால்டிமோர் நகரில் கூடிய ஆயர்கள், பங்குக் கோயில்தோறும் ஒரு பள்ளி எழ வேண்டும் என்று முடிவு செய்தனர். எழுப்பியவர்கள் யாவர்? அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைக்க வந்த கூலிகளும் வேலைக்காரிகளும்தாம். ஞாயிறுதோறும் கோயில் உண்டியில் அவர்கள் இட்ட சில்லறையே செங்கல்லாயிற்று. கற்பித்தவர்கள் யாவர்? பெரும்பாலும் கன்னியர்கள். உண்ண உணவும் உறங்க இடமும் போதும் என்று, பெயரளவு ஊதியத்தில், வாழ்நாள் முழுவதையும் வகுப்பறையில் செலவிட்ட பெண்கள். அந்நாட்டில் 1965-இல் அவர்கள் ஏறத்தாழ 180,000 பேர் இருந்தனர். இன்று 40,000 பேருக்கும் குறைவு. கன்னியர் குறைந்தனர், முழுச் சம்பளம் பெறும் ஆசிரியரை அமர்த்த வேண்டியதாயிற்று, கட்டணம் ஏறிற்று, ஏழைப் பிள்ளைகள் விலகினர். வசதி பெற்ற குடும்பங்களோ நகரை விட்டுப் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. 1960-களின் தொடக்கத்தில் 52 இலட்சம் மாணவரைக் கொண்டிருந்த கத்தோலிக்கப் பள்ளிகளில் இன்று ஏறத்தாழ 17 இலட்சம் பேரே பயில்கின்றனர்.

எனவே, உண்மையான கொடையாளர் யாவர் என்று கேட்கிறேன். நாற்பது ஆண்டுகள் சம்பளத்தைத் துறந்து கற்பித்த ஒரு கன்னியின் கொடையைப் பணமாக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு ஓர் ஆசிரியர் சம்பளம் என்று பெருக்கினால், பெருஞ்செல்வர் பலரின் காசோலையை அது விஞ்சிவிடும். அவள் பெயரில் மண்டபம் உண்டா? அவளுக்கு யார் மாலை அணிவித்தார்கள்? ஃபீனி தம் பெயரை மறைத்துக்கொண்டார். அது அவர் பெருமை. கன்னியரின் பெயரையோ நாம் மறந்தோம். அது நம் சிறுமை. இரண்டையும் ஒன்றெனக் கருதல் ஆகாது.

இன்னொரு பள்ளியையும் காட்டுகிறேன். எலிசபெத் நகருக்கு அணித்தே இருக்கும் நியூயார்க்கில், ரீஜிஸ் உயர்நிலைப்பள்ளி என்னும் கத்தோலிக்கப் பள்ளி 1914-இல் திறக்கப்பட்டது. இயேசு சபைத் துறவியர் நடத்தும் பள்ளி. அதற்குப் பொருள் வழங்கியவர், அந்நகர மேயராக இருந்து மறைந்த ஹியூ கிராண்ட்டின் துணைவியார் ஜூலியா கிராண்ட். தம் பெயரை வெளியிடலாகாது என்பது அவ்வம்மையார் கட்டளை. மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்னும் நெறி அன்று தொடங்கி இன்றுவரை அங்கு நிலைத்திருக்கிறது. தொற்றுநோய் அறிஞர் அந்தோனி ஃபௌச்சி அங்குப் பயின்றவரே. இப்பள்ளி நூறாண்டு கடந்து நிற்பதற்கு அம்மையாரின் பெருநிதி அடித்தளம் என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் அடித்தளத்தின்மேல் சுவர் எழுப்பியவர்கள் பழைய மாணவர்கள். கட்டணமின்றிக் கற்றவன், தனக்குப் பின் வருபவனும் கட்டணமின்றிக் கற்க வேண்டும் என்று ஆண்டுதோறும் கொடுக்கும் வழக்கம் அங்கு வேரூன்றிவிட்டது. பெருங்கொடை அங்கே தொடக்கமாயிற்று. கைதட்டி முடித்துவிடும் முடிவுரை ஆகவில்லை.

தூய மரியன்னைப் பள்ளிக்கு இன்னொரு கணக்குப் போடலாம். அதன் பழைய மாணவருள் ஆயிரம் பேர் ஆண்டுக்கு 250 டாலர் கொடுத்திருந்தால், உலக வள்ளல் ஒரு முறை கொடுத்த 250,000 டாலர் ஒவ்வோர் ஆண்டும் அப்பள்ளிக்குக் கிடைத்திருக்கும். நாளொன்றுக்கு ஒரு டாலர்கூட ஆகாத தொகை. பணம் இருந்தால் மட்டும் மாணவர் வந்துவிடுவாரா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பழைய மாணவன் செலுத்த வேண்டிய கடனில் பணம் ஒரு பாதி. தன் பிள்ளையையும் அங்கே அனுப்புவது மறு பாதி. முதற்பாதியை ஒரு செல்வர் நமக்காகச் செலுத்திவிடக்கூடும். மறுபாதியை எந்தச் செல்வரும் நமக்காகச் செலுத்த இயலாது.

நம் மொழி இவ்வேறுபாட்டை நன்கு அறியும். வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஒப்புரவறிதலுக்கு வேறோர் அதிகாரம் வகுத்தார். செய்ந்நன்றியறிதலை இவ்விரண்டுக்கும் வெகு முன்னதாக, இல்லறவியலின் முற்பகுதியிலேயே வைத்தார். இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. நமக்குச் செய்தவர்க்குத் திருப்பிச் செய்வது நன்றியறிதல். தான் கற்ற பள்ளிக்குக் கொடுப்பவன் இரவலனுக்கு ஈபவன் அல்லன். வாங்கியதன் ஒரு சிறு பகுதியைத் திருப்பிச் செலுத்துகிறவன். பள்ளி அவனிடம் கை நீட்டி நிற்கும் இரவலனும் அன்று. கடன் கொடுத்த பெருந்தகை. கடன் தீர்க்க வந்தவனுக்கு மாலையிட்டு, கடன் கொடுத்தவரைக் கடைசி வரிசையில் அமர்த்தும் விந்தை எந்த நூலில் உள்ளது?

இனி, மறுப்புரைகளுக்கு வருவோம். பெயர் பொறித்தால்தானே பிறரும் கொடுக்க முன்வருவர் என்பது முதல் மறுப்பு. புகழ் வேட்கை மனித இயல்பு. அதனைப் பயன்படுத்திப் பள்ளிக்கு நலம் தேடினால் தீங்கென்ன என்கின்றனர். இதற்கு 2018-இல் பென்சில்வேனியாவில் நடந்த நிகழ்ச்சியே விடை. அபிங்டன் என்னும் ஊரின் அரசு உயர்நிலைப்பள்ளியில் பயின்று பெருஞ்செல்வரான ஸ்டீபன் ஷ்வார்ஸ்மன், அப்பள்ளிக்கு 2.5 கோடி டாலர் அளிக்க முன்வந்தார். ஃபீனி தம் பள்ளிக்குக் கொடுத்ததைப்போல் அது நூறு மடங்கு. பள்ளியின் பெயரோடு அவர் பெயரையும் சேர்ப்பதற்குப் பள்ளி வாரியம் இசைந்தது. ஊரார் கொதித்தெழுந்தனர். எங்கள் வரிப்பணத்தில் பல தலைமுறைகளாக வளர்ந்த பள்ளிக்கு ஒருவர் பெயரா என்று கேட்டனர். வாரியம் பின்வாங்கியது, பழைய பெயரே நிலைத்தது. இதில் கற்க வேண்டியது ஒன்றுண்டு. பெயர் நீங்கியதால் கொடை நின்றுபோகவில்லை. புகழ் இன்றேல் கொடை இல்லை என்று அஞ்சியவர்கள், கொடையாளரையே குறைவாக மதித்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய உண்மையும் உண்டு. தமது என்று உணர்ந்ததால்தான் அவ்வூரார் எழுந்து நின்றனர். ஒருவர் பெயரைச் சூட்டிய மறுநாளே, அது அவருடைய பள்ளி ஆயிற்றே, நமக்கென்ன என்று ஏனையோர் ஒதுங்கத் தொடங்குவர். ஒரு பெயரை வாயிலில் எழுதும்போது, ஆயிரம் பேரின் பொறுப்பை அங்கிருந்து அழிக்கிறோம்.

செல்வர்க்குப் பெருந்தொகை எளிது, மாதச் சம்பளக்காரராகிய நாம் எதைக் கொடுக்க முடியும் என்பது இரண்டாவது மறுப்பு. இம்மறுப்பைத் தமிழாசிரியர் ஒருவர் கூறக் கேட்டால் எனக்கு நாணமாக இருக்கிறது. 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழ் முரசின் வாயிலாகக் குரல் எழுப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டப்பட்டது. ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்பதே வேண்டுகோள். கொடுத்தவருள் பால்மரம் சீவியவரும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் இருந்தனர். தம் பிள்ளையே அப்பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்குமா என்று அறியாதவர்கள் அவர்கள். துறை 1956-இல் தொடங்கியது. அந்நிதியால் தமிழ் நூல்கள் வாங்கப்பட்டன. அந்நூல்களைப் படித்துப் பட்டம் பெற்றவர்களும், அவர்களிடம் பயின்றவர்களும், அம்மாணவர்க்கு மாணவரும் இன்று நம்மிடையே ஆசிரியராக இருக்கின்றனர். ஒரு வெள்ளியின் வலிமையை அறியாதவர் யாராயினும் இருக்கலாம், தமிழாசிரியர் இருக்கலாகாது.

பள்ளியை நடத்துவது அரசாங்கத்தின் வேலை அன்றோ என்பது மூன்றாவது மறுப்பு. ஆம், அதன் கடமையை அதனிடம் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகள் ஆசிரியர் சம்பளத்தையும் தாமே தேடிக்கொள்ள வேண்டியவை. மலேசியாவில் அரசு உதவி பெறும் சமயத் தொண்டுப் பள்ளிகளுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே தருகிறது. கட்டடமும் பராமரிப்பும் பிறவுமே பெரிதும் வாரியங்களின் தலையில் விழுகின்றன. அவர்களைவிட நம் சுமை சிறிது. சிறு சுமையையும் ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் விலகிச் செல்லலாமா?

நான்காவது ஒன்றும் உண்டு. அதனை மறுப்பென்று கூறாமல் உண்மை என்றே கூறுவேன். பெருங்கொடைகள் பள்ளிகளை நாடி வருவதில்லை, பல்கலைக்கழகங்களையே நாடுகின்றன. ஃபீனி கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தது ஏறத்தாழ 100 கோடி டாலர். உயர்நிலைப்பள்ளிக்கு அவர் கொடுத்ததைப்போல் அது நாலாயிரம் மடங்கு. ஏன்? பல்கலைக்கழகம் தன் பழைய மாணவரைத் தொடர்ந்து செல்கிறது. அவன் முகவரியை வைத்திருக்கிறது, மடல் எழுதுகிறது, இன்னது செய்தோம், இன்னது வேண்டும் என்று கணக்கோடு கேட்கிறது. பள்ளியோ, மாணவன் வெளியேறிய நாளன்றே அவன் பெயரை ஏட்டில் மூடிவைக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அவன் பெயர் செய்தித்தாளில் வந்தால், இவர் நம் மாணவர் என்று ஓடிச்சென்று தேடுகிறது. பேர் பெற்றவனைத் தேடும் பள்ளி, பேர் பெறாத ஆயிரம் பேரைத் தேடுவதில்லை. தேடப்படாதவன் தனக்குக் கடன் உண்டு என்பதை எங்ஙனம் நினைப்பான்?

இப்போது நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம். பினாங்குத் தூய சேவியர் பள்ளி, சிங்கப்பூர்த் தூய யோசேப்புப் பள்ளி, பினாங்கு லைட் தெருக் கான்வென்ட் ஆகிய மூன்றும் 1852-இல் தோன்றியவை. லசால் சகோதரரும் குழந்தை இயேசு சபைக் கன்னியரும் கடல் கடந்து வந்து இத்தகைய பள்ளிகளை நிறுவினர். இந்நிலத்தின் எல்லா இனத்தவரும் அவற்றில் பயின்றனர். தமிழ்ப் பிள்ளைகளும் பயின்று வழக்கறிஞராயினர், மருத்துவராயினர், வணிகராயினர். அப்பள்ளிகளை அவர்கள் போற்றுவது முறையே. ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அவர்களுள் எத்தனையோ பேர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்த பின்னரே அங்குச் சென்றவர்கள். விருந்து மேடையில் கான்வென்டின் பெயரும் சகோதரரின் பெயரும் வாய்நிறைய வருகின்றன. ஆனா ஆவன்னா எழுதக் கைபிடித்த அத்தகரக் கொட்டகைப் பள்ளியின் பெயர் மட்டும் தொண்டையில் சிக்கிக்கொள்கிறதே, அது ஏன்? ஒரு கடனைப் பலர் அறியத் தீர்த்து, அதற்கு முந்திய கடனை மறைப்பது நன்றியறிதல் ஆகுமா?

தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கையை நீங்கள் அறிவீர்கள். 1957-இல் 800-க்கு மேற்பட்டவை இருந்தன. இன்று 500-ஐச் சற்றே தாண்டி நிற்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும் பெருங்காரணங்கள். எலிசபெத் நகரத்துப் பள்ளியைப் போலவே, பிள்ளைகள் குறைந்தமையால் இங்கும் பள்ளிகள் தளர்கின்றன. இந்நிலையில் நாம் என்ன செய்கிறோம்? ஒரு தான் ஸ்ரீ வரமாட்டாரா, ஒரு டத்தோ கண் திறக்கமாட்டாரா என்று வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறோம். அவர் வந்து கொடுத்தாலும், நம் பிள்ளையை நாம் வேறு பள்ளிக்கு அனுப்பினால், அவர் கட்டித்தரும் புதிய மாடியில் யார் அமர்ந்து படிப்பார்?

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். முதலாவது, ஆறாம் ஆண்டு முடித்து வெளியேறும் ஒவ்வொரு மாணவரின் பெயரையும், தொடர்புகொள்ளும் வழியையும் ஏட்டில் எழுதிக் காத்து வாருங்கள். லாரி ஓட்டுநர் ஆனவர், வங்கி அதிகாரி ஆனவர் என்று பிரித்துப் பார்க்காமல், எல்லாரிடமும் ஒரே அளவு கேளுங்கள். மாதம் பத்து வெள்ளி கொடுக்க ஐந்நூறு பேர் முன்வந்தால் ஆண்டுக்கு 60,000 வெள்ளி. அதுவும் ஒவ்வோர் ஆண்டும். இரண்டாவது, வாங்கிய காசுக்கு வரவும் செலவும் எழுதி ஆண்டுதோறும் வெளியிடுங்கள். கொடுத்தவர் பெயரை அகர வரிசையில் போடுங்கள், தொகையைப் போடவேண்டா. மூன்றாவது, பள்ளி விழாவில் முதல் மாலையை ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு அணிவியுங்கள். கொடையாளரே எழுந்து வந்து அதனை அணிவிக்கட்டும். அவர் பெருந்தன்மையுடையவராயின் மகிழ்வார். மகிழாதவர் கொடுக்க வந்தது எதற்காக என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். பெரும்பணம் சேர்த்த பின் கொடுப்போம் என்று எண்ணாதீர்கள். ஃபீனியின் வாழ்விலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது 800 கோடி என்னும் எண்ணை அன்று. அந்த எண் உங்களுள் எவர்க்கும் வாய்க்காமல் போகலாம். உயிரோடு இருக்கும்போதே கொடு, ஓசையின்றிக் கொடு என்பவையே எடுத்துக்கொள்ள வேண்டியவை. இவ்விரண்டுக்கும் செல்வம் வேண்டியதில்லை. முதற்சம்பளத்தில் பத்து வெள்ளியைப் பள்ளிக்கு அனுப்பும் இளைஞன், அவ்வகையில் ஃபீனிக்கு இணையானவனே.

எலிசபெத் நகரத்துப் பள்ளி இன்று இல்லை. அதன் மாணவர் ஒருவர் உலகத்துக்கே கொடுத்தார். மற்ற மாணவர்களுள் எத்தனை பேர் அப்பள்ளிக்கு என்ன செய்தார்கள் என்று அவர்களைக் கேட்க நமக்கு உரிமையில்லை. நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் உரிமை உண்டு. நீங்கள் கற்ற முதற்பள்ளியின் பெயரை இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, அங்கு உங்களுக்கு எழுத்தறிவித்தவர் பெயரை எழுதுங்கள். அதற்கும் கீழே, அப்பள்ளிக்குச் சென்ற ஆண்டு நீங்கள் என்ன செலுத்தினீர்கள் என்று எழுதுங்கள். மூன்றாம் வரி வெறுமையாக இருக்குமானால், அடுத்த விருந்தில் வள்ளலுக்குக் கை தட்டுமுன் சற்றே சிந்தியுங்கள்.